கடைமடை வீட்டுக்கும் சீரான தண்ணீர்: குழாய் வலையில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் தானியங்கியாக அடக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் நகர் கடலூர் கூத்தப்பாக்கம் பக்கம். 180 வீடுகள், இரண்டு போர்வெல், ஒரு தரைத்தொட்டி, அதிலிருந்து நேரடியாக லைனுக்குத் தள்ளும் இரண்டு பம்ப், 160 மில்லிமீட்டர் பிவிசி மெயின். பம்ப் ஹவுஸிலிருந்து கடைசி வீட்டுக்கு 900 மீட்டர். மேல்நிலைத் தொட்டி ஒன்று இருந்தது, விரிசல் விட்டதால் கைவிட்டாயிற்று. முதல் தெருவில் குழாயைத் திறந்தால் பக்கெட்டைத் தாண்டிப் பீய்ச்சும். கடைசித் தெருவில் குடத்தை வைத்துவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் கழுத்து வரை நிறைந்திருக்காது.

சிப்காட்டில் 19 வருடம் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்தவன் என்பதால் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நானும் பெரிதாகச் சொல்லிவிட்டேன்: பம்புக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) போடுவோம், லைனில் ஒரு பிரஷர் சென்சார் வைப்போம், பிஐடி (வேண்டிய அழுத்தத்துக்கும் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வேகத்தைத் திருத்தும் கணக்கு) தானாகப் பார்த்துக்கொள்ளும், முடிந்தது கதை. போட்டோம். அதற்கு முன் மாதத்துக்கு ஒரு முறை பைப் வெடிக்கும். ஆட்டோமேட்டிக் போட்ட முதல் மாதத்தில் மூன்று இடத்தில் வெடித்தது.

அந்த அவமானத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் நகரிலோ அடுக்குமாடியிலோ ஊராட்சியிலோ இதே வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்றால், பொருள் வாங்குவதற்கு முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன்: எந்த வேகத்துத் தொந்தரவு உங்களுடையது?

நான் புரிந்துகொள்ளாமல் விட்டது இதுதான். குழாயில் வரும் தொந்தரவுகள் எல்லாம் ஒரே சாதியல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் இருக்கிறது. கரண்ட் போய் பம்ப் நின்றதும் லைனில் ஓடும் அழுத்த அலை சில நொடிகளில் போய்த் திரும்பிவிடும். காலையில் எல்லா வீட்டுச் சம்பும் ஒரே நேரத்தில் நிரம்புவதால் வரும் அழுத்தக் குறைவு நிமிடக் கணக்கு. இரவுக்கும் பகலுக்கும் உள்ள தேவை வித்தியாசம், தொட்டியின் நீர்மட்டம், இவை மணிக் கணக்கு.

பிஎல்சியோ (பேனலில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) டிரைவோ நடுவில் சொன்ன நிமிடக் கணக்கைத்தான் நன்றாகச் செய்யும். நொடிக் கணக்குக்கு இரும்புதான் மருந்து: ஏர் வெசல் (காற்று அடைத்த கலன்), நல்ல நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரைப் பின்னோக்கி ஓட விடாதது), ஏர் வால்வு (குழாய்க்குள் காற்றை விடுவதும் வெளியேற்றுவதும்). மணிக் கணக்குக்குத் தொட்டியும் கால அட்டவணையும் போதும். நொடி வேலையைக் கம்ப்யூட்டர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மூன்று வெடிப்பில் இரண்டு சாட்சி.

இந்தப் பிரிவினையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் வழியில் கடம்புலியூர் இருக்கிறது. வீராணம் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர் பம்ப் செய்யப்பட்டு கடம்புலியூரில் உள்ள அழுத்தம் முறிக்கும் தொட்டியில் ஏறுகிறது. அங்கிருந்து சென்னை போரூர் வரை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் புவியீர்ப்பிலேயே போகிறது. தொட்டியில் நீரின் மேற்பரப்பு காற்றுக்குத் திறந்திருப்பதால், வடக்குத்தில் பம்ப் திடீரென்று நின்றால் எழும் அலை அந்தத் தொட்டியோடு முடிந்துபோகும், 200 கிலோமீட்டர் குழாய்க்கு அந்தச் செய்தியே போகாது. ஒரு தொட்டி செய்யும் காரியம் இது. எங்கள் பழைய மேல்நிலைத் தொட்டியும் இதைத்தான் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது, நாங்கள்தான் அது வெறும் தண்ணீர் சேர்த்துவைக்கும் இடம் என்று நினைத்திருந்தோம்.

படி 1: அளந்து பாருங்கள், குறைந்தது ஒரு வாரம்

மூன்று இடம் போதும். பம்ப் டெலிவரி, நடு லைன், கடைமடை. நிலம் மேடு பள்ளமாக இருந்தால் மிக உயரமான வீடு நான்காவது. 10 மீட்டர் உயரம் என்பது ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ) அழுத்தம், அதனால் கோரிமேட்டிலிருந்து புதுச்சேரி ஊருக்குள் இறங்குகிற மாதிரியான சரிவில் கடைசி வீட்டைவிட மேட்டு வீடுதான் உண்மையான கடைமடை. எங்களுக்கு எல்லாம் சமதளம், அந்தத் தலைவலி இல்லை.

நிமிடத்துக்கு ஒரு முறை பதியும் லாகர் நிமிடக் கணக்குத் தொந்தரவைக் காட்டும். ஆனால் இரண்டு நொடி அலை அதில் விழவே விழாது. நொடிக்கு 100 முறை பதியும் லாகர் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை ஒன்று உண்டு: உச்ச முள் வைத்த பிரஷர் காஜ். கறுப்பு முள் ஏறும்போது சிவப்பு முள்ளையும் தள்ளிக்கொண்டு போகும், கறுப்பு இறங்கினாலும் சிவப்பு உச்சத்திலேயே நின்றுவிடும். காலையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, திருகி மறுபடி கீழே விட வேண்டியது. அதிர்வு தடுக்கும் சின்ன அடைப்பான் எதையும் இந்தக் காஜுக்கு முன்னால் போடாதீர்கள், நாம் பிடிக்க நினைப்பதே அந்த அதிர்வைத்தான்.

எங்கள் பம்ப் டெலிவரியில் கறுப்பு முள் ஒரு நாளும் இரண்டரை கிலோவைத் தாண்டி நான் பார்த்ததில்லை. உச்ச முள் காஜ் மாட்டிய மூன்றாம் நாள் காலை, சிவப்பு முள் 5.4-இல் நின்றது. முந்தின இரவு மூன்று முறை கரண்ட் போயிருந்தது.

ஃப்ளோ மீட்டர் வைப்பதானால் ஒன்றை மறக்காதீர்கள். மின்காந்த வகை மீட்டர் குழாய் முழுக்க நிறைந்திருந்தால்தான் உண்மை சொல்லும். முன்னால் குழாய் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு, பின்னால் மூன்று மடங்கு நேர் பைப் கொடுங்கள். பெண்டை ஒட்டி மாட்டிவிட்டு மீட்டர் சரியில்லை என்று திட்டுவதில் பலனில்லை.

படி 2: அலையின் கணக்கைக் கையாலேயே போடுங்கள்

பயப்பட வேண்டாம், ஒரே ஒரு பெருக்கல்தான். ரஷ்யாவில் விமானத் துறையின் தந்தை என்று சொல்லப்படும் நிக்கொலாய் ஜூக்கோவ்ஸ்கி, 1897-98இல் மாஸ்கோ நகரத் தண்ணீர்க் குழாய்களில் சோதனை செய்து நிறுவிய சூத்திரம் இது: குழாயில் அலை ஓடும் வேகத்தை, நீரின் வேகத்தில் ஏற்படும் திடீர் மாற்றத்தால் பெருக்கி, 9.81-ஆல் வகுத்தால், அழுத்தம் எத்தனை மீட்டர் ஏறும் அல்லது இறங்கும் என்று கிடைக்கும்.

அலையின் வேகம் குழாயைப் பொறுத்தது. வார்ப்பிரும்பு, டிஐ (டக்டைல் இரும்பு) குழாயில் நொடிக்கு 1,000 முதல் 1,200 மீட்டர். பிவிசியில் 300 முதல் 450. எச்டிபிஇ பாலித்தீன் குழாயில் அதைவிடவும் குறைவு. எங்களுடையதற்கு 400 என்று வைத்தேன். நீர் ஓடும் வேகம் 0.8 மீட்டர். 400 பெருக்கல் 0.8, வகுத்தல் 9.81, சுமார் 33 மீட்டர், அதாவது 3.3 கிலோ. ஓடும் அழுத்தம் 2.2 கிலோ, அதோடு 3.3 சேர்ந்தால் 5.5. சிவப்பு முள் 5.4 காட்டியது என்று சொன்னேன் இல்லையா! கிளைகள் அலையைக் கொஞ்சம் தின்னும், அதனால் இவ்வளவு நெருக்கமாக வந்தது ஓரளவு தற்செயல்தான், இருந்தாலும் அன்றைக்கு அந்தத் தாளைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது, ஏனென்றால் எங்கள் பழைய தெருக்களில் பதித்திருப்பது ஆறு கிலோ பைப். ஒரு முறை 5.4 வந்தால் தாங்கும். தினமும் இரண்டு மூன்று முறை வருடக்கணக்கில் வந்தால் பிவிசி களைத்து, சாலவெண்ட் போட்ட மூட்டில் விட்டுவிடும்.

இறங்குகிற பக்கம் இன்னும் மோசம். 2.2-இலிருந்து 3.3 இறங்கினால் மைனஸ் 1.1. காற்று மண்டல அழுத்தத்துக்குக் கீழே ஒரு கிலோவுக்கு மேல் போக முடியாது, அதாவது குழாய்க்குள் வெற்றிடம். எங்கெல்லாம் மூட்டு கசிகிறதோ அங்கெல்லாம் வெளியே இருப்பதை உள்ளே உறிஞ்சும். கடலூர், புதுச்சேரி மாதிரிக் கடலோர ஊரில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது, மழைக்காலத்தில் பாதி லைன் சாக்கடை வாய்க்காலை ஒட்டி நனைந்துகொண்டிருக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு முதல் ஐந்து நிமிடம் தண்ணீர் நாறுகிறது என்று யாராவது சொன்னால், போரைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு எண்ணும் வேண்டும். அலை கடைசி வரை போய்த் திரும்பும் நேரம்: நீளத்தை இரண்டால் பெருக்கி, அலை வேகத்தால் வகுக்க வேண்டும். எங்களுக்கு 1,800 வகுத்தல் 400, நாலரை நொடி. இந்த நேரத்துக்குள் எந்த வால்வு மூடினாலும், எந்தப் பம்ப் நின்றாலும் அது குழாயைப் பொறுத்தவரை 'திடீர்'தான். கேட் வால்வும் பட்டர்ஃபிளை வால்வும் கடைசி 20 சதவீதத்தில்தான் ஓட்டத்தை உண்மையில் நிறுத்துகின்றன என்பதால், மோட்டார் வைத்த வால்வுக்கு நாலரை நொடி போதும் என்று கணக்குப் போடக் கூடாது. நாங்கள் 90 நொடி வைத்திருக்கிறோம்.

படி 3: இரும்பு வேலை

விஎஃப்டி இருக்கிறதே, மெதுவாகத்தானே நிறுத்தும், பிறகு என்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸ்விட்ச் போட்டு நிறுத்தினால் அது 30 நொடியில் இறக்கி அழகாக நிறுத்தும். கரண்ட் போனால் டிரைவும் சேர்ந்து செத்துவிடும். சின்ன மோட்டாருக்குச் சுழல் எடை கிடையாது, ஒன்றிரண்டு நொடியில் நின்றுவிடும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நாட்கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் நாம். புயல் வேண்டாம், சாதாரண ஐப்பசி மழைக்கே ஒரு ராத்திரியில் நாலு முறை போய் வரும். உங்கள் வடிவமைப்பு கரண்ட் போகும் அந்த நொடிக்காகத்தான் இருக்க வேண்டும்.

நாங்கள் செய்தது மூன்று. டெலிவரியில் இருந்த பழைய கதவு மாதிரியான நான்-ரிட்டர்ன் வால்வை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்த இரட்டைத் தட்டு வகை போட்டோம். பழையது தண்ணீர் பின்னோக்கி ஓட ஆரம்பித்த பிறகு தாமதமாக விழுந்து 'டொம்' என்று அடிக்கும், தெருவுக்கே கேட்கும். ஸ்பிரிங் வகை ஓட்டம் நிற்கும்போதே மூடிவிடும்.

இரண்டாவது, நான்-ரிட்டர்னுக்கு அடுத்து 300 லிட்டர் ஏர் வெசல், உள்ளே ரப்பர் பை. பம்ப் நின்றதும் அது தன் தண்ணீரை லைனுக்குக் கொடுத்து வெற்றிடத்தைத் தடுக்கும், அலை திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளும். இதன் அளவை மட்டும் ஊகத்தில் வாங்காதீர்கள், குழாய் நீளம் கூடினால் அளவு வெகுவாகக் கூடும். அலைக் கணக்குப் போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் எபாநெட் சாதாரண ஓட்டத்துக்கு அருமையான மென்பொருள், ஆனால் அது இந்த அலையைக் கணக்கிடாது. எபாநெட்டில் ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் பச்சை என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். வாங்கிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை லைன் பக்கத் தண்ணீரை வடித்துவிட்டு, டயருக்குப் பார்ப்பது போலக் காற்றழுத்தம் பாருங்கள். ரப்பர் கிழிந்த வெசல் பம்ப் ஹவுஸில் நிற்கும் வெறும் இரும்புப் பீப்பாய்.

மூன்றாவது ஏர் வால்வு, மேட்டிலும் கடைசியிலும். இதற்கும் அடுத்த படிக்கும் நேரடித் தொடர்பு.

படி 4: காலையில் லைனை மெதுவாக நிரப்புங்கள்

24 மணி நேரமும் தண்ணீர் விடும் ஊரில் இந்தப் படி தேவையில்லை. ஒடிசாவின் புரி 2021 ஜூலையில் அப்படி மாறியது. நம் பக்கத்தில் பெரும்பாலும் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. அதற்கு நடுவில் லைன் பாதி காலியாகி உள்ளே காற்று நிற்கும். பம்பை முழு வேகத்தில் போட்டால் தண்ணீர் அந்தக் காற்றை விரட்டிக்கொண்டு ஓடும், ஏர் வால்வு வழியாகக் காற்று முழுதும் வெளியேறி முடிந்த அந்தக் கணத்தில் ஓடிவந்த தண்ணீர் சுவரில் முட்டியது போல நிற்கும். மறுபடியும் ஜூக்கோவ்ஸ்கி கணக்கு. எங்கள் மூன்று வெடிப்பில் இரண்டு காலை 6 மணிக்கு நடந்ததற்கு இதுதான் காரணம், நான் வைத்த பிஐடி காலி லைனில் அழுத்தம் பூஜ்யம் என்று பார்த்து நேராக 50 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது.

நிரப்பும்போது குழாயில் தண்ணீர் நொடிக்கு 0.3 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பழகிய விதி. தண்ணீர் பம்புக்கென்று வரும் பல டிரைவுகளில் 'பைப் ஃபில்' என்றே ஒரு அமைப்பு இருக்கும். காலி லைனில் எதிர்ப்பு இல்லாததால் 28, 30 ஹெர்ட்ஸிலேயே தண்ணீர் போகும், டெலிவரி வால்வையும் பாதி மூடி வைத்து ஃப்ளோ மீட்டரைப் பார்த்துக்கொண்டே சரியான இடத்தைப் பிடியுங்கள். நடு லைனில் ஒரு கிலோ ஏறும் வரை அதே வேகம், அதற்கு அதிகபட்சம் 25 நிமிடம் கொடுங்கள். ஒரு கிலோ ஏறிய பிறகுதான் பிஐடி கைக்குப் போக வேண்டும். 25 நிமிடத்தில் ஒரு கிலோ ஏறவில்லையா, எங்கோ பைப் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். பம்பை நிறுத்திவிட்டு அலாரம் அடிக்கச் சொல்லுங்கள்.

படி 5: டிரைவும் பிஐடியும்

முதலில் குறைந்தபட்ச வேகத்தைக் கண்டுபிடியுங்கள். பம்பின் வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் அதே விகிதத்தில் குறையும், அழுத்தம் இருபடியாகக் குறையும், மின்செலவு முப்படியாக. 50-இலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் ஓட்டம் 80 சதவீதம், அழுத்தம் 64, மின்சாரம் 51. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் பம்ப் வால்வை மூடிய நிலையில் 50 ஹெர்ட்ஸில் 40 மீட்டர் தூக்கும், லைனில் நாங்கள் வைத்திருப்பது 22 மீட்டர். 22-ஐ 40-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 50-ஆல் பெருக்கினால் 37. அதற்குக் கீழே பம்ப் ஓடும், கரண்ட் எடுக்கும், ஒரு சொட்டும் வெளியே போகாது, உள்ளேயே தண்ணீரைக் கடைந்து சூடாக்கிக்கொண்டிருக்கும். நாங்கள் குறைந்தபட்சம் 38.5 என்று வைத்து, அந்த வேகத்திலேயே இரண்டு நிமிடம் ஓட்டம் இல்லாமல் இருந்தால் பம்ப் தூங்கப் போகட்டும் என்று போட்டோம்.

அப்புறம் ட்யூனிங். பிஐடியில் திருகுவதற்கு மூன்று உண்டு: கெயின் (வித்தியாசத்துக்கு எவ்வளவு பலமாகத் திருத்துவது), இன்டெக்ரல் (தீராத வித்தியாசத்தைச் சேர்த்துவைத்துத் திருத்துவது), டெரிவேட்டிவ் (அழுத்தம் மாறும் வேகத்தைப் பார்த்துத் திருத்துவது). ஆட்டோ ட்யூன் பட்டனை அழுத்துவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சாதாரணத் தேவை இருக்கும் நேரத்தில், காலை 8 மணி வாக்கில், டிரைவை மேனுவலில் 43 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். அழுத்தம் நிலையானதும் 45-க்கு மாற்றுங்கள். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நேரங்களைக் குறியுங்கள்: அழுத்தம் அசையத் தொடங்க எத்தனை நொடி (அது தாமதம்), மொத்த ஏற்றத்தில் சுமார் 63 சதவீதத்தைத் தொட அதற்கு மேல் எத்தனை நொடி (அது குழாயின் சுபாவம்). எங்களுக்குக் கடைமடை சென்சாரில் தாமதம் 4 நொடி, சுபாவம் 15 நொடி. இன்டெக்ரல் நேரத்தைச் சுபாவத்துக்குச் சமமாக வையுங்கள். கெயினைத் தாமதத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நேரத்தில் அழுத்தம் செட் பாயின்டுக்கு (நாம் வேண்டும் என்று வைத்த அழுத்தம்) வந்துசேரும்படி குறைத்து வையுங்கள், ஒரே மூச்சில் வந்து சேர வேண்டியதில்லை. டெரிவேட்டிவ் பூஜ்யம். தண்ணீர் அழுத்தம் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும், டெரிவேட்டிவ் அந்த நடுக்கத்தைப் பெரிதாக்கிப் பம்பை ஆட்டும். சென்சார் சிக்னலுக்கு இரண்டு நொடி வடிகட்டி, 0.1 கிலோவுக்குள் இருந்தால் சும்மா இரு என்று ஒரு மௌன எல்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பிஐடிக்கும் பொருந்தும். நான் முதலில் வைத்திருந்த அமைப்பில் அது நாலரை நொடி அலையைத் துரத்த முயன்றது. அலை ஏறும்போது வேகத்தைக் குறைக்கும், அந்தக் குறைப்பு பலிக்கும் நேரத்தில் அலை தானாகவே இறங்கியிருக்கும், இரண்டும் சேர்ந்து பள்ளம். மறுபடி ஏற்றும், மறுபடி மேடு. மோட்டார் சத்தமே ஊஞ்சல் ஆடுவது போல இருந்தது, பக்கத்து வீட்டுத் தாத்தா என்னப்பா உன் மெஷினுக்கு மூச்சு வாங்குது என்றார்.

இன்டெக்ரல் சேர்ந்துகொண்டே போவதற்கும் பூட்டு போட வேண்டும். வேகம் உச்சத்தைத் தொட்ட பிறகும், லைன் நிரப்பும்போதும், தரைத்தொட்டி காலியாகிப் பம்ப் நிற்கும்போதும் இன்டெக்ரல் உறைந்திருக்கட்டும். இல்லையென்றால் அரை மணி நேரப் பாக்கியையெல்லாம் பம்ப் திரும்பிய உடனே ஒரே தவணையில் வசூலிக்கும்.

சென்சாரைப் பம்ப் பக்கத்தில் வைப்பதா, கடைமடையிலா? கடைமடைதான் சரி, ஆனால் சிக்னல் ரேடியோவிலோ சிம் கார்டிலோ வரும். ஐந்து நிமிடம் சிக்னல் வராவிட்டால் பம்ப் பக்கத்துச் சென்சாருக்குத் தானாக மாறி, அதற்கென்று எழுதிவைத்த செட் பாயின்டில் ஓடும்படி செய்யுங்கள்.

இன்னொன்று, இதற்கு எந்த பிஐடியும் மருந்தல்ல: வீட்டு லைனிலேயே மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவர்கள். நடுத் தெருவில் நாலு பேர் மோட்டார் போட்டால் கடைமடையில் அழுத்தம் விழும், பிஐடி பம்பை ஏற்றும், ஏறிய தண்ணீரையும் அந்த நாலு மோட்டாரே இழுத்துக்கொள்ளும். நாங்கள் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் சின்னத் தகடு போட்டோம். சண்டை நடந்தது, அது வேறு கதை.

படி 6: சரிவு உள்ள ஊருக்குப் பிஆர்வி

எங்களுக்குத் தேவைப்படவில்லை. லாஸ்பேட்டையில் நண்பர் ஒருவரின் குடியிருப்பில் போட்டபோது உடன் இருந்தேன், அதிலிருந்து சொல்கிறேன். மேட்டுப் பகுதிக்குத் தேவையான அழுத்தம் கொடுத்தால் பள்ளத்தில் அது தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். அங்கே அழுத்தம் குறைக்கும் வால்வு, அதாவது பிஆர்வி, வேண்டும். கரண்டே இல்லாமல் நீரின் அழுத்தத்தாலேயே டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) நகர்ந்து வேலை செய்யும் பைலட் வகை நல்லது, பைலட் என்பது பெரிய வால்வை ஆட்டுவிக்கும் சின்ன வால்வு.

எல்லோரும் செய்யும் தவறு, ஆறு அங்குல லைன் என்றால் ஆறு அங்குலப் பிஆர்வி வாங்குவது. இரவு ஓட்டம் குறையும்போது அது மயிரிழை அளவு திறந்து நின்று படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு அளவு சிறியதாக வாங்குங்கள், அல்லது பக்கத்திலேயே இரண்டு அங்குலத்தில் இன்னொன்றை இணையாக வைத்து இரவு ஓட்டத்தை அதற்கு விடுங்கள். முன்னால் ஸ்ட்ரெய்னர் கட்டாயம், நம் போர்த் தண்ணீரில் மணலும் இரும்புத் துருவும் வரும், பைலட்டின் சின்னத் துளை ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். பைலட்டில் உள்ள ஊசி வால்வுதான் இதன் ட்யூனிங்: ஆட்டம் இருந்தால் கொஞ்சம் மூடுங்கள். மேலே பம்பில் பிஐடியும் கீழே பிஆர்வியும் இருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் இருக்கக் கூடாது, ஒன்று மற்றதைவிட நாலைந்து மடங்கு மெதுவாக இருக்கட்டும். இல்லையென்றால் ஒன்றை ஒன்று பார்த்து ஆடிக்கொண்டே இருக்கும்.

அழுத்தத்தைக் குறைத்தால் கசிவும் குறையும். பிளாஸ்டிக் குழாயில் விரிசல் அழுத்தத்தோடு சேர்ந்து வாய் திறக்கும் என்பதால் அங்கே லாபம் இன்னும் அதிகம். சராசரியாக, அழுத்தம் கால் பங்கு குறைந்தால் கசிவும் ஏறக்குறைய கால் பங்கு குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அளவோடு குறையுங்கள். மத்திய அரசின் பழைய கையேடு தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது.

படி 7: சென்சார் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுப் போங்கள்

மூன்றாவது வெடிப்பு ராத்திரி 2 மணிக்கு. காரணம் ஓர் எலி. பேனலுக்குக் கீழே கேபிள் வரும் ஓட்டையை நான் அடைக்காமல் விட்டிருந்தேன், சென்சார் வயரை அது கடித்துவிட்டது. பிரஷர் சென்சார் 4 முதல் 20 மில்லிஆம்ப் அனுப்பும், பூஜ்ய அழுத்தத்துக்கே 4 வர வேண்டும், அதற்குக் கீழே போனால் வயர் அறுந்தது என்று பொருள். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். சிப்காட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் அவசரத்தில் டிரைவில் 0 முதல் 20 என்று இருந்த பழைய அமைப்பை மாற்றவில்லை. வயர் அறுந்ததும் டிரைவ் அதை அழுத்தமே இல்லை என்று படித்து, யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில், 50 ஹெர்ட்ஸில் லைனைப் பிதுக்கியது. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டாவது தெருவில் மேல்நிலைத் தொட்டி இல்லாமலே நீரூற்று!

எனவே: 3.6 மில்லிஆம்புக்குக் கீழே போனால் சென்சார் பழுது என்று எடுத்துக்கொண்டு 40 ஹெர்ட்ஸில் நில். சென்சார் என்ன சொன்னாலும் டெலிவரியில் தனியாக ஒரு பிரஷர் ஸ்விட்ச், 3.5 கிலோவில் பம்பை இறக்கி நிறுத்தட்டும், அதற்கு பிஎல்சி அனுமதி தேவையில்லை. தரைத்தொட்டி குறைந்தால் நிறுத்த ஃப்ளோட் ஸ்விட்சும் அப்படியே நேரடி வயரில். கேபிள் ஓட்டைக்குக் கிளாண்ட். தேவனாம்பட்டினம் காற்று எட்டும் தூரத்தில் இருந்தால் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304-உம் புள்ளி புள்ளியாய் அரிக்கும், 316 கேளுங்கள். இடிக்கு சர்ஜ் அரெஸ்டர், எர்த் பிட்டுக்கு மழைக்கு முன் ஒரு அளவீடு.

படி 8: வேண்டுமென்றே கரண்டை நிறுத்திப் பாருங்கள்

எல்லாம் முடிந்ததும் யாரும் செய்யத் துணியாத சோதனை இது. முதலில் 40 ஹெர்ட்ஸில் ஓடும்போது மெயினை அணையுங்கள். உச்ச முள்ளைப் பாருங்கள், மூட்டுகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு 45, கடைசியில் 50. எடுத்த எடுப்பில் 50-இல் அணைக்காதீர்கள். எங்களுக்கு 50-இல் சிவப்பு முள் 3.1-இல் நின்றது. பழைய 5.4-ஐ நினைத்துக்கொண்டு ஒரு டீ சொன்னேன்.

இதை ஆரம்பத்திலிருந்தே ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் வால்வு திறக்கும் அண்ணன். நீண்ட சாவிக் கம்பியை வால்வு மேல் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்டே எந்தத் தெருவில் கசிகிறது என்று சொல்லிவிடுவார், எனக்கு அந்தக் காது கிடையாது. ஆட்டோமேட்டிக் வந்தால் தனக்கு வேலை போய்விடும் என்று முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேனலில் ஆட்டோ, மேனுவல் சாவியைத் தமிழில் எழுதி ஒட்டி, மேனுவலில் எப்படி ஓட்டுவது என்று அவரிடமே விட்டுவிட்டேன். நீங்களும் அதைச் செய்யுங்கள், ராத்திரி 2 மணிக்குப் பம்ப் ஹவுஸில் நிற்கப் போவது அவர்தான்.

இப்போது பேனலுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு தொங்குகிறது. அவருடைய கையெழுத்து. கடைசியாகப் பார்த்தபோது இப்படி இருந்தது: "ராத்திரி 11.40 கரண்ட் போச்சு. சிவப்பு முள் 3.0. கடைசி வீட்டு அம்மா தண்ணி சுத்தமா வருதுன்னாங்க. காத்து பார்த்து மூணு மாசம் ஆச்சு, சாருக்குச் சொல்லணும்."